இரங்கற் பாட்டும் இசை மேடையும்

மகிழ்ச்சி வந்தபோது பாடுவது மனித இயல்பு. துன்பம் வந்தபோது பாடுவதும் அதனைப் போன்றே பழமையான இயல்பாகும். தாலாட்டைப் பற்றிப் பாடநூல்களில் படிக்கிறீர்கள். நடவுப் பாட்டையும் ஏற்றப் பாட்டையும் பள்ளி ஆண்டு விழாக்களில் பாடுகிறீர்கள். ஆனால் ஒப்பாரியைப் பற்றிப் பேச்செடுத்தால், "விளக்கு வைக்கிற நேரத்தில் இது என்ன பேச்சு?" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுத்துவிடுவார்கள். அவ்வாறு வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட அந்தப் பாட்டும், அதனோடு ஒலிக்கும் பறையும், இக்காலத்தில் ஒளிவிளக்குகள் சூழ்ந்த மேடையில் மின்கிதாருடன் சேர்ந்து ஒலிக்கின்றன. அவை எவ்வாறு அங்கே வந்தன? வந்ததனால் பெற்றவை எவை, இழந்தவை எவை? இவற்றை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

இத்தகைய மாற்றம் நம் நாட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. அமெரிக்காவில் 'கோதிக் கன்ட்ரி' என்று ஓர் இசைவகை வழங்குகிறது. 'கன்ட்ரி' என்பது அந்நாட்டு நாட்டுப்புறத்தாரின் இசை. 'கோதிக்' என்பது முதலில் ஐரோப்பியக் கட்டடக் கலையின் ஒரு பாணிக்குப் பெயராக இருந்தது. சென்னைச் சாந்தோம் தேவாலயத்தின் கூர்நுனி வளைவுகளையும் வானளாவும் கோபுரத்தையும் கண்டவர்கள் அப்பாணியை அறிவர். பாழடைந்த கோட்டைகளிலும் மடங்களிலும் நிகழ்வனவாக எழுதப்பட்ட அச்சமூட்டும் கதைகளுக்கும் 18ஆம் நூற்றாண்டில் அப்பெயர் ஏற்பட்டது. சாவு, கொலை, பாவம், இறைவனின் தீர்ப்பு ஆகியவற்றைப் பாடும் நாட்டுப்புற இசைக்கும் பிற்காலத்தில் அதுவே அடைமொழியாயிற்று.

இவ்விசையின் வேர் பழையது. வட கரோலினா மாநிலத்தில் 1866ஆம் ஆண்டில் ஓர் இளம்பெண் கொலையுண்டாள். அக்குற்றத்துக்காக டாம் டூலா என்ற இளைஞன் 1868இல் தூக்கிலிடப்பட்டான். அவனைப் பற்றி மலைநாட்டு மக்கள் பாடிய பாட்டு வாய்மொழியாக வழங்கி வந்தது. 1958இல் கிங்ஸ்டன் டிரையோ என்ற குழுவினர் அதனை இசைத்தட்டாக வெளியிட்டபோது, அமெரிக்கா முழுவதும் அதைப் பாடியது. 1992இல் தோன்றிய, டென்வர் நகரைச் சார்ந்த சிக்ஸ்டீன் ஹார்ஸ்பவர் என்ற குழு, பாஞ்சோவையும் துருத்தி வாத்தியத்தையும் மின்கிதாரோடு சேர்த்து இத்தகைய இருண்ட பாடல்களை மேடையேற்றியது. அதன் பாடகரான டேவிட் யூஜீன் எட்வர்ட்ஸ் ஒரு மத போதகரின் பேரர். தேவாலயத்தில் கேட்ட பாவ புண்ணிய எச்சரிக்கைகளே அவருடைய பாட்டின் பொருளாயின. 2005இல் அக்குழு கலைந்தது. ஹேண்ட்சம் ஃபேமிலி என்ற கணவன் மனைவி இசைக் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஒரு பாட்டு, 2014இல் ஒரு தொலைக்காட்சித் தொடரின் முகப்பில் ஒலித்தது. பதினோர் ஆண்டுகள் சிலரே அறிந்திருந்த பாட்டு, அதன்பின் உலகெங்கும் கேட்கப்பட்டது. இசையின் தகுதி மாறவில்லை. அது ஒலித்த இடம் மாறியது. இதனை நினைவில் வைத்துக்கொண்டு நம் நாட்டிற்குத் திரும்புவோம்.

தமிழில் இரங்கற் பாட்டுக்கு இலக்கணமே உண்டு. ஆதரித்த வள்ளல் மாண்டபோது புலவர் செயலற்று நின்று பாடுவதனைக் 'கையறுநிலை' என்று பழந்தமிழர் வகுத்தனர். பாரி மறைந்தபின் அவன் மகளிர் பாடியதாக வழங்கும் சிறு பாட்டைப் புறநானூற்றில் நீங்கள் படித்திருப்பீர்கள். நாட்டுப்புறத்தில் அதன் உடன்பிறப்பாக வாழ்வது ஒப்பாரி. பெண்கள் தோளோடு தோள் கட்டி வட்டமாக அமர்ந்து, இறந்தவரை முன்னிலைப்படுத்தி, அவருடைய பெருமையையும் தம்முடைய ஆற்றாமையையும் அப்போதே புனைந்து பாடுவர். ஊரை உலுக்கிய கொலைகளைப் பாடிய 'கொலைச் சிந்து' என்ற வகையும் நம்மிடம் இருந்தது. மலிவான சிறு நூல்களாக அச்சிட்டு, சந்தைகளிலும் இரயில் வண்டிகளிலும் அவற்றைப் பாடி விற்றனர். அமெரிக்க மலைநாட்டார் டாம் டூலாவைப் பாடியதற்கும் இதற்கும் வேறுபாடு மிகுதியில்லை. வடசென்னையில் இழவு வீட்டில் இரவு முழுவதும் விழித்திருப்போர்க்காகப் பாடப்படும் பாட்டு 'மரண கானா' எனப்படும். இறந்தவரின் பெயர், அவர் செய்த உதவி, அவர் விட்டுச்சென்ற சுற்றம் எல்லாம் அப்பாட்டில் இடம்பெறும்.

இவற்றைத் தொகுக்க வேண்டும் என்ற எண்ணம் அறிஞர்க்கு எழாமலில்லை. கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்த 'மலையருவி' 1958இலும், நா. வானமாமலை தொகுத்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964இலும் வெளிவந்தன. நாட்டுப் பாட்டு அவ்வாறு அச்சேறி மதிப்புப் பெற்றது. ஆனால் சாவுக்குப் பறை முழக்கியவனுக்கு அம்மதிப்புக் கிடைத்ததா என்று கேட்டால், இல்லை என்பதே விடை.

இங்கேதான் நாம் ஒரு வேறுபாட்டைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஒப்பாரியை உறவுப் பெண்கள் தம் துயரத்தால் பாடினர். பறையை அடித்தவனோ துயரத்தால் அடிக்கவில்லை. இன்ன சாதியில் பிறந்தவன் இன்னார் வீட்டுச் சாவுக்குப் பறையடித்தே தீரவேண்டும் என்று ஊர் வழக்கம் விதித்திருந்தது. மறுத்தவன் ஊராரின் சினத்துக்கு ஆளானான். 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. சட்டம் ஒழித்ததைப் பழக்கம் உடனே ஒழித்துவிடவில்லை. நான் ஆசிரியப் பணியில் இருந்த நாட்களில், தந்தையின் தொழிலைக் கேட்டால் 'கூலி' என்று மட்டும் சொல்லித் தலைகுனிந்து நின்ற சிறுவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களுடைய தந்தையர் சிலர் ஒரே தோலில் பலவகை அடிகளைப் பேசவைக்கும் வல்லவர்கள். அவ்வித்தையை மகன் கற்கக் கூடாது என்பதே அத்தந்தையரின் வேண்டுதலாக இருந்தது. அவ்வேண்டுதலில் குற்றம் காண நமக்கு உரிமை இல்லை. கட்டாயத்தால் செய்யப்படும் கலை, செய்பவனுக்குக் கலையாவதில்லை, சுமையாகிறது.

அச்சுமையைக் கலையாக மாற்ற முயன்றவர்கள் பலர். கே. ஏ. குணசேகரன் (1955–2016) நாட்டுப்புற இசையை ஆராய்ந்த பேராசிரியர். தாமே மேடையேறிப் பாடி, அவ்விசைக்குச் சமூக நீதிக் குரலைத் தந்தவர். திரைப்படத்தில் இசையமைப்பாளர் தேவா 1990களில் கானாவைப் பரப்பினார். 2012இல் 'அட்டகத்தி' படத்தின் வாயிலாகக் கானா பாலா புகழ் பெற்றார். எனினும், இழவு வீட்டுப் பறையையும் கானாவையும் மேலைநாட்டு மின்னிசையோடு ஒரே மேடையில் சமமாக நிறுத்திய முயற்சியாக, 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழுவினைச் சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து இதனை உருவாக்கினர். 'சாதியற்றவர்' என்ற பொருள்படும் இப்பெயர், அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து பிறந்தது. தொடக்கத்தில் 19 பேர் கொண்ட இக்குழு, 2018ஆம் ஆண்டு சனவரி மாதம் 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. பறை, சட்டி, கட்டமோளம் ஆகியவை ஒருபுறம். கிதாரும் டிரம்ஸும் மறுபுறம். கானாவை ஆண்களே பாடிவந்த நிலையில், இக்குழுவின் இசைவாணி பெண் கானாப் பாடகியாக முன்னின்றார். பிபிசி நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயரும் இடம்பெற்றது.

பறையும் கிதாரும் சேர்வது எளிதான செயலன்று. பறை என்பது மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோல். ஒரு கையில் குட்டையான அடிக்குச்சியும், மறு கையில் நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சியும் கொண்டு அதனை முழக்குவர். காற்றிலுள்ள ஈரத்தை ஏற்றுத் தோல் தளரும். தளர்ந்தால் ஒலி மங்கும். தீயில் காய்ச்சினால் ஈரம் நீங்கித் தோல் இறுகும். இறுக்கம் மிகும்போது அதிர்வெண் உயரும் என்று பௌதிக வகுப்பில் நீங்கள் படித்தது இதுவே. நான் வாழும் கிளியூர் சேர்வராயன் மலையில் இருக்கிறது. எங்கள் மூடுபனியில் பறையைக் காய்ச்சுவதற்குத் தீ அடிக்கடி வேண்டும். கிதாருக்கோ சுருதி சேர்க்க முறுக்காணி போதும். ஆகவே மேடையில் ஒரு கருவி முறுக்காணியையும், மற்றொரு கருவி நெருப்பையும் நம்பி நிற்கின்றது. தீ மூட்ட இடம் தராத அரங்குகளில், தோலுக்குப் பதிலாகச் செயற்கைத் தகட்டைப் பூட்டிக்கொள்வோரும் உண்டு. வசதி கிடைக்கும், தோலுக்கே உரிய குரல் குறையும்.

கருவி மட்டுமன்று, பாட்டும் மாறுகிறது. ஒப்பாரிக்குக் கட்டான தாளம் இல்லை; மூச்சும் விம்மலுமே அதன் அளவு. பலர் சேர்ந்து வாசிக்கும் குழுவுக்கோ தாளம் இன்றியமையாதது. இழவு வீட்டுப் பாட்டு விடியும் வரை நீளும். காணொளிப் பாட்டு நான்கைந்து நிமிடங்களில் முடியவேண்டும். அனைத்தினும் பெரிய மாற்றம் வேறொன்று. இழவு வீட்டில் பாட்டு ஒருவரை நோக்கிப் பாடப்படுகிறது. அவருக்குப் பெயர் உண்டு. அவர் எதிரே கிடத்தப்பட்டிருக்கிறார். மேடையில் அந்தப் பெயர் இல்லை. ஆகையால் ஓர் ஆளின் சாவுக்காகப் புலம்பிய பாட்டு, ஒரு கூட்டத்தாரின் அல்லலுக்காகக் குரல் எழுப்பும் பாட்டாகிறது. கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவினர் இட ஒதுக்கீட்டையும், உண்ணும் உணவின் உரிமையையும், வடசென்னையின் வாழ்க்கையையும் பாடுவது இம்முறையிலேயாகும். அழுகை இங்கே கேள்வியாக மாறுகிறது.

இத்தகைய கலைஞர்க்கு விழாக்களே பெரிய வாயில்கள். 2007ஆம் ஆண்டு தொடங்கிய சென்னை சங்கமம், நாட்டுப்புறக் கலைஞரைத் தலைநகரின் பூங்காக்களுக்கு அழைத்து வந்தது. இடையில் நின்றுபோன அவ்விழாவைத் தமிழக அரசு 2023இல் மீண்டும் நடத்தியது. மார்கழி என்றால் சென்னையில் சபா சங்கீதம் என்பது நெடுநாள் வழக்கு. அதே மார்கழியில், 2020 முதல் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை' என்ற விழாவை நடத்தியது. 2021இல் அது மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் விரிந்தது. ஒப்பாரியும் கானாவும் பறையும் விழாவின் ஓரத்தில் அன்றி நடுவில் நின்றன.

எங்கள் ஏற்காட்டிலும் மே மாதத்தில் இரண்டு விழாக்கள் நிகழும். ஒன்று, அரசு நடத்தும் கோடை விழா. மலர்க் கண்காட்சியோடு கலைநிகழ்ச்சிகளும் அதில் உண்டு. மற்றொன்று, மலையாளிகள் என்று அழைக்கப்படும் இம்மலையின் பழங்குடி மக்கள் கூடும் சேர்வராயன் கோயில் திருவிழா. முன்னதில் கலைஞர் மேடைமேல் இருக்கிறார்; நாம் நாற்காலியில் அமர்ந்து கைதட்டுகிறோம். பின்னதில் பார்ப்பவர் என்று தனியே ஒருவரும் இல்லை. வந்தவர் அனைவரும் விழாவின் பகுதி. இரண்டில் ஒன்று உயர்ந்தது என்று நான் கூறமாட்டேன். மேடை, அயலாரையும் கேட்கச் செய்கிறது. திருவிழா, தன் மக்களைப் பிரியாமல் காக்கிறது. ஒரு கலைக்கு இரண்டும் வேண்டும்.

காணொளியின் ஆற்றல் மேடையினும் பெரிது. 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' என்ற பாட்டினை அறிவும் தீயும் பாடினர். சந்தோஷ் நாராயணன் அதன் இசைப் பொறுப்பேற்றார். கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் பாடியவர் அறிவு. தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியாரின் தலைமுறையை நினைந்து அவர் யாத்த அப்பாட்டில் ஒப்பாரியின் சாயல் உண்டு. கோடிக்கணக்கான முறை அது பார்க்கப்பட்டது. பின்னர், அப்பாட்டின் ஆக்கத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற விவாதம் எழுந்தது. 2022 சூலையில் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாடின் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் அப்பாட்டு பாடப்பட்டபோது, அவ்விவாதம் நாடறிய நடந்தது. அறிவு தம் உழைப்பை எடுத்துரைத்தார்; மற்ற இருவரும் அது கூட்டு முயற்சி என்று விளக்கினர். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிப்பது நம் வேலை அன்று. ஆனால் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஒப்பாரி பாடிய எத்தனையோ பெண்களின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் பாட்டு மேடைக்கு வரும் இக்காலத்திலாவது, பாடியவர் பெயர் பாட்டோடு நிற்க வேண்டாமா?

2025ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. விருதினும் சிறந்த மாற்றம் ஒன்று அதற்கு முன்பே நிகழ்ந்துவிட்டது. பறையை அடிக்கப் பிறந்தவர் என்று முத்திரையிடப்படாத பிள்ளைகளும், பெண்களும்கூட, இன்று விரும்பி அதனைக் கற்கிறார்கள். விரும்பாதவனை அடிக்கச் செய்த ஊர் வழக்கும், விரும்புகிறவனை அழைக்கும் மேடையும் ஒன்றல்ல. தோல் ஒன்றே, குச்சி ஒன்றே, வேறுபடுவது அதனை ஏந்தும் கையின் உரிமை.

மாணவ நண்பர்களே! இத்தகைய நிகழ்ச்சியை நேரிலோ காணொளியிலோ காணும்போது மூன்று கேள்விகளை மனத்தில் கொள்ளுங்கள். இப்பாட்டு எவருடைய துயரத்தில் பிறந்தது? இதனைக் காத்துத் தந்தவர் யார்? இன்று இதனைப் பாடுகிறவர் தம் விருப்பத்தால் பாடுகிறாரா? உங்கள் ஊரில் ஒப்பாரி பாடத் தெரிந்த மூதாட்டி ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரிடம் பணிவோடு கேட்டு, அவர் இசைந்தால், அப்பாட்டை அவர் பெயரோடும் நாளோடும் எழுதி வையுங்கள். வகுப்பில் உங்கள் அருகே அமர்ந்திருக்கும் தோழனின் தந்தை பறைக் கலைஞர் என்றால், அதனை அவன் தலைநிமிர்ந்து சொல்லும்படி நடந்துகொள்ளுங்கள். மேடை தரும் மதிப்பு ஓர் இரவுக்கு. வகுப்பறை தரும் மதிப்பு வாழ்நாளுக்கு.