பீரோவில் தூங்கும் கல்யாண டிவிடி: பழைய கம்ப்யூட்டருக்கு டிரைவ் வாங்கலாமா?

உங்க வீட்டு பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில, ஒரு கல்யாண ஆல்பம் இருக்கும். அதோட கடைசிப் பக்கத்துல பிளாஸ்டிக் கவருக்குள்ள ரெண்டு மூணு டிவிடி இருக்கும். அக்கா கல்யாணம், தம்பி காதுகுத்து, தாத்தாவோட அறுபதாம் கல்யாணம்... அதையெல்லாம் கடைசியா எப்போ போட்டுப் பார்த்தீங்க?

டிவிடி பிளேயர் எப்பவோ பழைய இரும்புக்காரர்கிட்ட போயிருக்கும். இப்போ வர்ற பெரும்பாலான லேப்டாப்புல டிரைவ் கிடையாது. மிச்சம் இருக்கிறது, ஹால் மூலையில துணி போர்த்தி வச்சிருக்கிற பழைய டெஸ்க்டாப் மட்டும்தான். அதுக்கு ஒரு டிவிடி டிரைவ் மாட்டினா வேலை முடிஞ்சிடும். நல்ல யோசனைதான். ஆனா இதை "கம்ப்யூட்டருக்கு ஒரு பார்ட்ஸ் வாங்குறோம்"னு பார்க்காதீங்க. இது ஒரு வாரத்து வேலை. எல்லா டிஸ்க்கையும் ஒரு தடவை காப்பி பண்ணிட்டா, அந்த டிரைவை நீங்க திரும்பத் தொடப்போறது சந்தேகம். செலவையும் அந்தக் கணக்குலதான் பார்க்கணும்.

அதுக்காக அடுத்த தீபாவளி போனஸ் வரட்டும்னு தள்ளிப் போடவும் முடியாது. கம்பெனி அச்சடிச்சு விற்ற சினிமா டிவிடி வேற, ஸ்டூடியோக்காரர் ரைட் பண்ணிக் கொடுத்த டிவிடி வேற. ரைட் பண்ற டிஸ்க்குல தகவல் பதிவாகிறது ஒரு மெல்லிய சாயப் பூச்சுல. வெயில், சூடு, ஈரம் பட்டா அந்தச் சாயம் கொஞ்சம் கொஞ்சமா கெட்டுப்போகும். வெளியில பார்த்தா டிஸ்க் பளபளன்னு புதுசு மாதிரியே இருக்கும். உள்ளே பாதி படம் போயிருக்கும். சிடியா இருந்தா இன்னொரு ஆபத்து: பேர் எழுதுற மேல்பக்கத்துக்கு நேர் கீழேதான் தகவல் இருக்கு. அங்கே பால்பாயிண்ட் பேனாவால அழுத்தி எழுதினாலே சேதம்தான். தாத்தாவோட குரல் இருக்கிற ஒரே பதிவு அந்த டிஸ்க்தான்னா, அது போனபிறகு எவ்வளவு காசு கொடுத்தாலும் திரும்ப வராது.

சரி, பர்ஸைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை. அந்தப் பழைய டெஸ்க்டாப்பிலேயே டிரைவ் இருக்கான்னு பாருங்க. நிறைய வீட்டுல இருக்கும். தட்டு வெளியே வராததால "கெட்டுப்போச்சு"ன்னு விட்டிருப்பாங்க. தட்டை நகர்த்துற சின்ன ரப்பர் பெல்ட் இறுகிப்போனா அப்படித்தான் ஆகும், லென்ஸ் நல்லாவே இருக்கலாம். கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிட்டு, டிரைவோட முகப்புல இருக்கிற ஊசித் துளைக்குள்ள நிமிர்த்தின ஜெம் கிளிப்பை நேராக விட்டு மெதுவா அழுத்தினா தட்டு வெளியே வரும். டிஸ்க்கை வச்சு கையால தள்ளி மூடிட்டு, ஆன் பண்ணிப் பாருங்க. ஓடினா உங்க செலவு பூஜ்யம்.

அடுத்து, ஆபீஸ்லயோ சொந்தக்காரங்க வீட்டுலயோ யாருகிட்டயாவது யுஎஸ்பி டிவிடி டிரைவ் இருக்கான்னு கேளுங்க. ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கலாம். ஆனா அதை ஆபீஸ் லேப்டாப்புல மாட்ட நினைக்காதீங்க. நிறைய கம்பெனிகள்ல யுஎஸ்பி ஸ்டோரேஜை பிளாக் பண்ணி வச்சிருப்பாங்க. கல்யாண வீடியோவுக்காக ஐடி டீம்கிட்ட விளக்கம் எழுதிக் கொடுக்கிற நிலைமை நமக்கு வேண்டாம்.

ரெண்டும் இல்லைன்னா கணக்குப் போடுங்க. டிரைவ் விலை 1,500 ரூபாய்னும், பக்கத்து ஸ்டூடியோவுல ஒரு டிஸ்க்கை பென் டிரைவுக்கு மாற்ற 100 ரூபாய்னும் வச்சுப்போம். 15 டிஸ்க்குக்கு மேல இருந்தா டிரைவ் வாங்குறது லாபம். 4 டிஸ்க்தான்னா 400 ரூபாயோட முடிச்சுக்கலாம். விலை ஊருக்கு ஊர் மாறும், உங்க ஊர் விலையைப் போட்டுப் பாருங்க.

வாங்குறதுன்னு முடிவு பண்ணிட்டா: உள்ளேயா, வெளியிலயா?

உள்ளே மாட்டுற டிரைவ் பொதுவா விலை குறைவு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்கள்ல பழைய டிரைவ் இன்னும் மலிவாக் கிடைக்கும். ஆனா வாங்குறதுக்கு முன்னாடி, நாம எல்லாரும் சிபியுன்னு கூப்பிடுற அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துடுங்க. பட்டையான, 40 பின் ரிப்பன் கேபிள் மட்டும் போகுதுன்னா அது ஐடிஇ காலத்து போர்டு. விரல் அகலத்துக்கும் குறைவான மெல்லிய கேபிள்னா சாட்டா. இன்னைக்குக் கடையில கிடைக்கிற டிரைவ் சாட்டாதான். ஐடிஇ போர்டுல அது நேரா மாட்டாது. அந்த நிலைமையில கன்வெர்ட்டர் தேடி அலையாதீங்க, யுஎஸ்பி டிரைவே வாங்கிடுங்க.

சாட்டா போர்டுன்னா காலி போர்ட் இருக்கான்னு எண்ணுங்க. சில சின்ன போர்டுல ரெண்டே ரெண்டுதான் இருக்கும். ஒண்ணுல ஹார்ட் டிஸ்க், இன்னொண்ணு காலின்னா, என் கருத்து: அந்த இடத்தை எஸ்எஸ்டிக்கு விட்டு வைங்க. பழைய கம்ப்யூட்டரை இனிமேலும் ஓட்டப்போறீங்கன்னா எஸ்எஸ்டி தினமும் பலன் தரும். டிவிடி டிரைவ் ஒரு வாரம்தான். கடையில "எதுக்கு சார் இந்தப் பழசு, புது பிசியே நோ காஸ்ட் இஎம்ஐல எடுத்துடுங்க"ன்னு சொல்வாங்க. சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க. அந்தப் புது பிசியிலயும் டிவிடி டிரைவ் இருக்காது!

உள்ளே மாட்டுறது கஷ்டமே இல்லைங்க. பிளக்கைப் பிடுங்கிட்டு, கேபினட்டோட உலோகப் பகுதியை ஒரு தடவை தொட்டுக்கோங்க. உடம்புல இருக்கிற நிலைமின்சாரம் இறங்கிடும். முகப்புல மேல இருக்கிற பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, டிரைவை முன்பக்கமிருந்து உள்ளே தள்ளி, ரெண்டு பக்கமும் சின்ன ஸ்க்ரூ போடுங்க. நீளமான ஸ்க்ரூ வேண்டாம், உள்ளே இடிக்கும். மெல்லிய டேட்டா கேபிள் மதர்போர்டுக்கு, அகலமான பவர் கேபிள் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து. அவ்வளவுதான். எஸ்எம்பிஎஸ்ல சாட்டா பவர் முனை இல்லைன்னா, பழைய நாலு பின் முனையிலிருந்து மாற்றுற கேபிள் கிடைக்கும். அதுல மட்டும் காசு பார்க்காதீங்க. மட்டமான கேபிள் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகி உருகின கதையெல்லாம் உண்டு.

யுஎஸ்பி டிரைவ்னா கேபினட்டோட பின்பக்க போர்ட்டுல மாட்டுங்க. யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியர்தான் தரும். முன்பக்க போர்ட்டுல பல சமயம் டிரைவ் சுத்த ஆரம்பிச்சு நின்னுடும். டிரைவோட ரெண்டு தலை உள்ள கேபிள் வந்திருந்தா ரெண்டையும் சொருகணும். இன்னொரு லாபம், இதே டிரைவை நாளைக்கு லேப்டாப்புலயும் போடலாம். ஒண்ணுதான் வாங்கணும்னா நான் இதைத்தான் சொல்வேன்.

காப்பி பண்றப்போ

விண்டோஸ் 10ல டிவிடி படம் ஓட்டுற வசதி தானாக வராது. "டிரைவ் வேலை செய்யல"ன்னு கடைக்கு ஓடாதீங்க. விஎல்சி பிளேயரை இலவசமா இறக்கிக்கோங்க, ஓடும். டிஸ்க்கைத் திறந்தா வீடியோ-டிஎஸ் ஃபோல்டர் தெரியும். அதை முழுசா காப்பி பண்ணுங்க. உள்ளே படம் 1 ஜிபி அளவுல துண்டு துண்டா இருக்கும், அது அப்படித்தான். 2000களோட ஆரம்பத்துல கொடுத்த விசிடின்னா எம்பெக்-ஏவி ஃபோல்டர்ல டேட் ஃபைலா இருக்கும், அதையும் விஎல்சி திறக்கும்.

சாதாரண டிவிடி ஒண்ணு அதிகபட்சம் 4.7 ஜிபி. 20 டிஸ்க்னாலும் 94 ஜிபிதான். 128 ஜிபி பென் டிரைவ் ஒண்ணுல அடங்கிடும். ஆனா பென் டிரைவ் ஒண்ணை மட்டும் நம்பாதீங்க, ஹார்ட் டிஸ்க்குல இன்னொரு காப்பி இருக்கட்டும். காப்பி ஆனதும் முதல் நிமிஷத்தை மட்டும் பார்த்துட்டு விட்டுடாம, நடுவுலயும் கடைசியிலயும் ஓட்டிப் பாருங்க.

ஏதாவது டிஸ்க் நடுவுல நின்னா, மெல்லிய துணியால மையத்திலிருந்து வெளிப்பக்கமா நேராகத் துடைங்க. வட்டமாத் துடைக்கக் கூடாது. அப்பவும் முடியலைன்னா தூக்கிப் போட்டுடாதீங்க. ஒரு டிரைவ் படிக்காத டிஸ்க்கை இன்னொரு டிரைவ் படிக்கும். அந்த மாதிரி டிஸ்க்கை மட்டும் தனியா எடுத்துட்டு ஸ்டூடியோவுக்குப் போங்க.

வேலை முடிஞ்சதும் டிரைவை டப்பாவுல போட்டுப் பரண்ல ஏத்தாதீங்க. ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்புல "டிவிடி டிரைவ் இருக்கு, யாருக்கு வேணும்?"னு ஒரு மெசேஜ் போடுங்க. சித்தி வீட்டு பீரோவிலயும் ஒரு ஆல்பம் இருக்கும்.