ஓடிய குதிரைக்கு விலை பேசுதல்

உழைக்கத் தொடங்கிய இளைஞன் ஒருவனுக்கு மோட்டார் வண்டியின் மீது ஆசை பிறப்பதில் வியப்பில்லை. ஆனால், அந்த ஆசைக்குரிய பணத்தில் பாதியைத் தகப்பனார் தமது பணிக்கொடையிலிருந்து எடுத்துக் கொடுக்க நேரும்போது, அது வீட்டார் அனைவரும் கூடியிருந்து யோசிக்கவேண்டிய விஷயமாகிவிடுகின்றது. 2025ஆம் ஆண்டில் அத்தகைய யோசனை ஒன்றிற் பங்குகொள்ளும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

என்னிடம் பௌதிகவியல் கற்ற மாணவன் ஒருவன் ஒருநாள் மாலை வீடு தேடி வந்தான். "சேர், கொழும்பிலை ஒரு கார் பார்த்திருக்கிறன். பந்தயக் கார் மாதிரி ஓடும். அப்பா உங்களையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுறார்" என்றான். ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டி. டர்போ பூட்டிய இஞ்சின். மீற்றரில் 98,000 கிலோமீற்றர். விலையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது.

இவ்வகை வண்டிகளில் இளைஞர்கள் மயங்குவதற்குக் காரணம் உண்டு. சுபாரு கம்பனி 1992இல் வெளியிட்ட இம்பிரேசா டபிள்யூ. ஆர். எக்ஸ். என்னும் வண்டியை உதாரணமாகக் கொள்ளலாம். இரண்டு லீற்றர் இஞ்சினே ஆயினும் அதன் வலு 240 குதிரைவலு. இம்பிரேசாவைச் செலுத்தியே ஸ்கொத்லாந்து வீரர் கொலின் மக்றே 1995இல் உலக ரலி வெற்றிவீரரானார். வெளித்தோற்றத்தில் குடும்ப வண்டி. உள்ளே பந்தயக் குதிரை. இந்த இரட்டை வேடமே அதன் கவர்ச்சி.

விலை உயர்ந்தமைக்கும் காரணம் உண்டு. அந்நியச் செலாவணி நெருக்கடியை முன்னிட்டு 2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. அதுவும் பெரும் வரியுடன். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில், உள்ளூரில் இருந்த பழைய வண்டிகளெல்லாம் பொன்னாகிவிட்டன. கிராக்கி மிகுந்த இடத்தில் பொய்யும் மிகும் என்பது உலக வழக்கு.

டர்போ என்பது யாது? இஞ்சினிலிருந்து வீணே வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சிறு சக்கரம் சுழல்கின்றது. அது தன்னோடு இணைந்த மற்றொரு சக்கரத்தைச் சுழற்றி, காற்றை அமுக்கி இஞ்சினுக்குள் செலுத்துகின்றது. காற்று மிகுந்தால் எரிபொருளையும் மிகுதியாக எரிக்கலாம், வலு பெருகும். அச்சக்கரம் நிமிடத்துக்கு ஒரு இலட்சம் தடவைக்கு மேலும் சுழலும். அதனைக் காப்பது மெல்லிய ஒயிற் படலம் ஒன்றே. ஆகவே, காலந்தவறாது ஒயில் மாற்றப்பட்ட வண்டி நெடுந்தூரம் ஓடியும் உரத்துடன் இருக்கும். மாற்றப்படாதது சிறிது தூரத்திலேயே தேய்ந்துவிடும். எவ்வளவு ஓடியது என்பதைவிட, எவர் கையில் எப்படி ஓடியது என்பதே பெரிய கேள்வி.

வெள்ளவத்தையில் நெடுங்காலம் தொழில் செய்த முதிய மெக்கானிக் ஒருவரையும் துணைக்கு அழைத்துக்கொண்டோம். நாங்கள் வரும்வரை இஞ்சினை இயக்க வேண்டாம் என்று முன்னரே சொல்லியிருந்தோம். குளிர்ந்த இஞ்சினே உண்மை பேசும். நீலப் புகை வந்தால் ஒயில் எரிகின்றது, வெண்புகை ஓயாது வந்தால் தண்ணீர் உட்புகுகின்றது என ஊகிக்கலாம். முதியவர் பொனற்றின்மேல் கையை வைத்தார். சுட்டது! எங்களுக்கு முன்னரே எவரோ இஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தார்.

அடுத்து அவர் மிதிகட்டைகளைப் பார்த்தார். கிளச் மிதியின் றப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. சாரதி ஆசனத்தின் ஓரம் நைந்திருந்தது. "தம்பி, மீற்றரைத் திருப்பலாம், மிதிகட்டையைத் திருப்ப ஏலாது" என்று மெல்லச் சொன்னார்.

சாட்சி இஞ்சின் அருகே இருந்தது. வால்வுகளை உரிய வேளையில் இயக்கும் பட்டையின் மூடியிலே, ஒயிற் கறை படிந்த ஒரு சிறு சீட்டு. பட்டை மாற்றிய ஆண்டு 2018. அப்போது ஓடியிருந்த தூரம் 1,64,200 கிலோமீற்றர் என்று அதில் எழுதியிருந்தது. மீற்றரோ 98,000 என்றது. சாதாரணக் கழித்தற் கணக்கு: குறைந்தது 66,200 கிலோமீற்றர் மறைந்துவிட்டது! பட்டை மாற்றியபின் ஓடிய தூரம் இதிற் சேராது. இத்தகைய இஞ்சின்கள் பலவற்றில் ஏறத்தாழ 1,00,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை பட்டையை மாற்றவேண்டும். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இஞ்சினே பாழாகும். பொய் மீற்றரை நம்புகிறவன் எந்நாளில் மாற்றுவது என்று எப்படி அறிவான்?

பின்னர் அமுக்கத்தை அளந்தோம். மூன்று உருளைகள் சதுர அங்குலத்துக்கு 145, 142, 140 இறாத்தல் காட்டின. நான்காவது 105. அதிலே நோய் இருந்தது. விற்பவரிடம் விசாரித்தோம். "நான் வாங்கேக்கையும் இப்படித்தான் இருந்தது" என்றார். அது மெய்யாகவும் இருக்கலாம். பொய் அவர் கையில் பிறந்ததோ, அவர் கைக்கு வந்ததோ, அறியோம்.

திரும்பும் வழியில் மாணவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வீட்டிலே தகப்பனார், "போகட்டும் மேனே, காசு கையிலைதானே இருக்கு" என்று மட்டும் சொன்னார். முப்பத்திரண்டு வருட உழைப்பின் பலன் அது என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

இரண்டு மாதங்களின் பின் வேறொரு வண்டி கிடைத்தது. மீற்றரில் 1,87,000 கிலோமீற்றர். கேட்டவுடன் மாணவன் முகஞ்சுளித்தான். ஆனால், அதன் சொந்தக்காரர் ஒரு தடித்த கோப்பைக் கொண்டுவந்து வைத்தார். ஒயில் மாற்றிய ஒவ்வொரு பற்றுச்சீட்டும் தூரமும் திகதியும் தவறாது அதில் இருந்தன. இஞ்சின் குளிர்ந்திருந்தது. நான்கு உருளைகளும் ஏறத்தாழச் சமமாக நின்றன. பதிவுச் சான்றிதழில் கடன் கொடுத்த கம்பனியின் பெயர் எதுவும் இல்லை. இஞ்சின் இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் ஒத்திருந்தன. முன்னைய வண்டியிலும் குறைந்த விலைக்கு முடித்தோம்.

மீந்த பணத்தைச் செலவு செய்யவேண்டாம் என்று மாணவனைக் கேட்டுக்கொண்டேன். பட்டை, தண்ணீர்ப் பம்பி, பிரேக், டயர் ஆகியவற்றுக்கு அது வேண்டியிருக்கும். யானையை வாங்குவதற்குப் பணம் தேடினால் மட்டும் போதாது. அதற்குத் தீனியும் தேடவேண்டும். வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னேன்: நம் நாட்டு அதிவேகப் பாதையிலும் உச்ச எல்லை மணிக்கு 100 கிலோமீற்றரே.

நெடுந்தூரம் ஓடியது ஒரு குற்றமன்று. ஓடியதை மறைப்பதே குற்றம். வண்டி வாங்க விரும்பும் இளைஞர்கள் மீற்றரிலுள்ள சிறிய எண்ணைத் தேடி அலையாமல், பற்றுச்சீட்டுகளை ஒழுங்காகச் சேர்த்துவைத்த மனிதரைத் தேடுவார்களாக. அந்த வண்டி இப்போது எங்கள் ஒழுங்கையால் போகும்போது, முன் ஆசனத்தில் தகப்பனாரும் இருக்கிறார்.