முதல் ஓட்டு எங்கே... ஹாஸ்டலிலா, சொந்த ஊரிலா? படிவம் 6 நிரப்பும் முன் இதைப் படிங்க

"ஆதார் இருக்கு, பான் கார்டு இருக்கு, வோட்டர் ஐடியே இருக்கு. ஏன் சார் நான் ஓட்டுப் போட முடியாது?"

ஒவ்வொரு தேர்தலிலும் ஏதாவது ஒரு பூத் வாசலில் இந்தக் கேள்வி எழுகிறது. பதில் சிம்பிள். பட்டியலில் பேர் இல்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 62-வது பிரிவுப்படி, வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர் மட்டுமே வாக்களிக்க முடியும். கையில் இருக்கும் அட்டை நீங்கள் யார் என்று காட்டும், அவ்வளவுதான். அந்த அட்டை தொலைந்துபோனாலும் ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் என தேர்தல் ஆணையம் அனுமதிக்கும் வேறு ஆவணத்தைக் காட்டி ஓட்டுப் போட்டுவிடலாம். பட்டியலில் பேர் இல்லையென்றால் எந்த அட்டையும் உதவாது.

அதனால் முதல்முறை பதிவு செய்பவர்கள் 'கார்டு எப்போ வரும்?' என்பதை விட, 'எந்த ஊர் பட்டியலில், எந்தப் பெயரில் ஏறுகிறோம்?' என்று யோசிப்பது நல்லது.

18 வயசு முடிஞ்சா உடனே சேர்ந்துடலாமா?

இந்தியாவில் ஓட்டுரிமை வயது 21 ஆக இருந்தது. 61-வது அரசியலமைப்புத் திருத்தம் மூலம் 1989-ல்தான் அது 18 ஆனது. ஆனாலும் பிறந்தநாள் அன்றே பட்டியலில் பேர் ஏறிவிடாது. 'தகுதி நாள்' என்று ஒன்று இருக்கிறது. முன்பு அது வருஷத்துக்கு ஒரே ஒரு நாள், ஜனவரி 1. ஜனவரி 2-ம் தேதி பிறந்தவர் கிட்டத்தட்ட ஒரு வருஷம் காத்திருக்கணும். கொஞ்சம் அநியாயமான கணக்குதான்.

2022 ஆகஸ்ட் முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு தகுதி நாட்கள் நடைமுறையில் உள்ளன. உதாரணமாக 2008 மே 20-ல் பிறந்தவருக்கு 2026 ஜூலை 1 தகுதி நாள். பழைய முறையாக இருந்தால் 2027 ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். 17 வயது முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. தகுதி நாள் வந்ததும் அந்த விண்ணப்பம் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படும்.

தேர்தல் அறிவிச்சதும் பார்த்துக்கலாம்னு இருக்கீங்களா?

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். மனுத்தாக்கலுக்கான கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் புதிய பெயர் சேர்க்க சட்டத்தில் இடமில்லை. வந்த விண்ணப்பத்தைப் பொதுப் பார்வைக்கு வைத்து, ஆட்சேபனை கேட்க 7 நாள் தரணும், அப்புறம் பரிசீலிக்கணும். அதனால் நடைமுறையில், மனுத்தாக்கல் கடைசி நாளுக்கு 10 நாள் முன்பு வரை வரும் விண்ணப்பங்களே அந்தத் தேர்தலுக்குக் கணக்கில் வரும்.

2024 மக்களவைத் தேர்தலை எடுத்துக்கோங்க. தேதி அறிவிக்கப்பட்டது மார்ச் 16. தமிழ்நாட்டில் மனுத்தாக்கல் கடைசி நாள் மார்ச் 27. பத்து நாள் கழித்தால் மார்ச் 17. அதாவது, டிவியில் தேர்தல் தேதியைப் பார்த்த பிறகு விண்ணப்பிக்க நினைத்தவர்களுக்குக் கிடைத்தது ஒரே நாள். ஓட்டுப்பதிவோ ஏப்ரல் 19-ல். 'இன்னும் ஒரு மாசம் இருக்கே' என்று நினைத்திருந்தால் அவ்வளவுதான்.

ஹாஸ்டலா, ஊரா?

கோவில்பட்டி பக்கம் ஒரு கிராமத்தில் இருந்து வந்து சென்னையில் படிக்கும் மாணவி என்று வைத்துக்கொள்வோம். சட்டம் கேட்பது 'சாதாரணமாக வசிக்கும் இடம்'. வருஷத்தில் பத்து மாசம் அவர் சென்னையில்தான் இருக்கிறார். ஆனால் வீடு ஊரில். எந்த முகவரி கொடுப்பது?

மாணவர்களுக்கு இரண்டும் சரிதான். பெற்றோர் இருக்கும் சொந்த ஊரிலும் பதிவு செய்யலாம், ஹாஸ்டல் முகவரியிலும் பதிவு செய்யலாம். ஹாஸ்டல் என்றால் இரண்டு நிபந்தனை. படிப்பு அங்கீகாரம் பெற்றதாக, குறைந்தது ஒரு வருஷப் படிப்பாக இருக்கணும். கல்லூரி முதல்வரோ பதிவாளரோ தரும் போனஃபைட் சான்றிதழை இணைக்கணும். ஆனால் ஏதாவது ஒரு இடத்தில் மட்டும்தான். இரண்டு இடத்தில் பேர் இருப்பது சட்டப்படி கூடாது. தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

எதைத் தேர்வு செய்வது என்பது அவரவர் விருப்பம். ஆனால் யோசிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கு. உள்ளாட்சித் தேர்தலுக்கும் இந்தச் சட்டமன்ற வாக்காளர் பட்டியல்தான் அடிப்படை. கிராமத்தில் பேர் இருந்தால் வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என நான்கு ஓட்டு. சென்னையில் பேர் இருந்தால் மாநகராட்சிக் கவுன்சிலருக்கு ஒரே ஓட்டு. ஊர்த் தெருவுக்குத் தண்ணி வரலைன்னு வீட்டில் போன் பண்ணிப் புலம்பும்போது, அதில் உங்களுக்கும் ஒரு ஓட்டு இருக்கா இல்லையா என்பதை இந்த முகவரிதான் முடிவு செய்யும். அதே சமயம், ஓட்டுப் போட 550 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போய் வர முடியுமா என்பதும் நியாயமான கேள்விதான். பரீட்சை நேரத்தில் தேர்தல் வந்தால் போகாமலே விட்டுவிடுவோம் என்று தோன்றினால் ஹாஸ்டலே மேல்.

பிஜியில் தங்கி வேலை பார்ப்பவர்கள் பாடுதான் கொஞ்சம் திண்டாட்டம். முகவரிச் சான்றாகப் பதிவு செய்யப்பட்ட வாடகை ஒப்பந்தம் கேட்பார்கள். எந்த பிஜி ஓனர் பத்திரப்பதிவு அலுவலகம் வரை வரப்போகிறார்? அந்த முகவரியில் வங்கி பாஸ்புக் அல்லது ஆதார் இருந்தால் போதும். பட்டியலில் உள்ள எதுவுமே இல்லாவிட்டால், வேறு ஆவணம் எதையாவது குறிப்பிடப் படிவத்திலேயே இடம் உண்டு. நேரில் வந்து சரிபார்ப்பார்கள். வீடே இல்லாமல் தெருவோரம் படுப்பவர்களுக்குக்கூட, அலுவலர் இரவில் போய்ப் பார்த்து உறுதி செய்து பெயர் சேர்க்க விதி இருக்கு. ஆவணம் இல்லை என்பதற்காகவே விலகிவிட வேண்டாம்.

பெற்றோருடன் ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு ரொம்ப ஈஸி. அப்பாவோ அம்மாவோ அந்த முகவரியில் ஏற்கனவே வாக்காளர் என்றால், அவர்கள் பெயரில் உள்ள முகவரிச் சான்றே போதும்.

படிவத்தில் எங்கே தப்பு நடக்குது?

முதல்முறை சேர்பவர்களுக்கு படிவம் 6. தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்திலோ செயலியிலோ போன் நம்பர் கொடுத்து நிரப்பலாம். வயதுக்கு பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் போன்றவை போதும். நேரில் கொடுக்க விரும்பினால் தாலுகா அலுவலகம் அல்லது உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலர். கட்டணம் கிடையாது. 'நான் முடிச்சுத் தரேன்' என்று பணம் கேட்பவரிடம் ஏமாறாதீங்க.

உறவினர் விவரத்தில் அப்பா, அம்மா, கணவன், மனைவி யார் பெயரையும் போடலாம். பெற்றோர் இல்லாதவர் சட்டப்பூர்வப் பாதுகாவலர் பெயரையும், மூன்றாம் பாலினத்தவர் தங்கள் குரு பெயரையும் கொடுக்கலாம்.

தமிழ் படிச்சவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இணையத்தில் ஆங்கிலத்தில் பெயரைத் தட்டினால், பக்கத்தில் தமிழ் தானாக வந்து விழும். அப்படியே விட்டால் தமிழ்ச்செல்வி 'தமில்செல்வி' ஆகலாம், கயல்விழி 'கயல்விலி' ஆகலாம். தமிழ்நாட்டுப் பட்டியலில் அச்சாவது அந்தத் தமிழ்ப் பெயர். சமர்ப்பிக்கும் முன் ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படிங்க. இன்ஷியலும் அப்படித்தான், மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும். சின்ன எழுத்துப்பிழைக்காக ஓட்டுப் போட விடாமல் அனுப்பக் கூடாது என்பதே ஆணையத்தின் அறிவுறுத்தல். ஆனாலும் பிறகு படிவம் 8 போட்டு அலைவதை விட இப்போதே பார்ப்பது நல்லது. இடம் மாறினாலும் அதே படிவம் 8தான். புது ஊருக்குப் போனதும் மறுபடி படிவம் 6 போடுவது தவறு.

விண்ணப்பிச்சாச்சு... அடுத்து?

குறிப்பு எண் ஒன்று வரும். பத்திரமாக வைங்க. நிலை அலுவலர் கொடுத்த முகவரிக்கு வருவார். நீங்கள் ஹாஸ்டலில் இருந்து ஊர் முகவரி கொடுத்திருந்தால், வீட்டில் முன்கூட்டியே சொல்லிடுங்க. 'அவ இங்க இல்லையே, மெட்ராஸ்ல இருக்கா' என்று பாட்டி வெள்ளந்தியாகச் சொன்ன ஒரு வார்த்தை 'இங்கு வசிக்கவில்லை' என்ற குறிப்பாக மாறிவிடக் கூடாது. 'படிக்கப் போயிருக்கா, வீடு இதுதான்' என்பதே சரியான பதில். தற்காலிகமாக வெளியூரில் இருப்பதாலேயே வசிப்பிடம் மாறிவிடாது என்று சட்டமே சொல்கிறது.

இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 2025 இறுதியில் தமிழ்நாட்டில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், வரைவுப் பட்டியலில் இருந்து 97 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் விடுபட்டன. இறந்தவர்கள், இரட்டைப் பதிவுகளோடு, முகவரியில் இல்லாதவர்கள், இடம் மாறியவர்கள் என்று குறிக்கப்பட்டவர்களும் அதில் உண்டு. அதனால் பேர் ஏறிய பிறகும் ஒவ்வொரு வரைவுப் பட்டியல் வரும்போதும் தேடிப் பாருங்க. 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் விவரம் கேட்கலாம்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தைக் கேட்டு வாங்குங்க. வாக்காளர் பதிவு அலுவலரின் முடிவை எதிர்த்து 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கேயும் மறுத்தால், 30 நாட்களுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் இரண்டாவது மேல்முறையீடு போடலாம்.