பழவேற்காட்டில் கற்ற பாடம்

காவிரி பாயும் தஞ்சைத் தரணியில் பிறந்த நமக்கு, நீர் என்றதும் வாய்க்காலும் வயலுமே நினைவுக்கு வரும். சென்ற விடுமுறையில் வேறொரு நீர்வளத்தைக் காணும் வாய்ப்பினை இறைவன் நல்கினான். தமிழகக் கடற்கரையின் வடகோடியில் அமைந்த மீனவர் ஊர் பழவேற்காடு. பொன்னேரியில் இரயிலை விட்டிறங்கிப் பேருந்தில் சென்றால், ஊர் முடியுமிடத்தில் ஏரி விரிகின்றது.

சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் இவ்வேரிக்குக் குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக வருகின்றன.

நமது நாகைக்கும் இவ்வூருக்கும் பழந்தொடர்பு உண்டு. 1613இல் டச்சுக்காரர் இங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். 1690இல் தலைமையகத்தை நாகப்பட்டினத்திற்கு மாற்றினர். துணிகளோடு மனிதர்களையும் அடிமைகளாக்கிக் கப்பலேற்றினர். இன்று கோட்டை அழிந்துவிட்டது. அவர்தம் கல்லறைகளே எஞ்சியுள்ளன.

பள்ளிவாசலில் லுஹர் தொழுதுவிட்டுப் படகுத்துறைக்குச் சென்றேன். வலை செப்பனிட்டுக் கொண்டிருந்த முதியவர் ஒருவர் 'பாடு' என்னும் வழக்கத்தை விளக்கினார்.

"எல்லா இடத்திலும் இறால் ஒன்றுபோல் விழாது, பாய். நல்ல இடத்தை ஒருவரே பிடித்துக்கொண்டால் மற்றவர் அடுப்பு எரியுமா? அதனால் முறை வைத்துக்கொள்கிறோம்."

கழிகளை நட்டு வலை கட்டும் இடங்களைக் குலுக்கல் முறையில் பகிர்ந்து கொள்கின்றனர். இதிலும் குறை உண்டு. பாட்டுரிமை சில குப்பங்களுக்கே உரியது. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களுக்கு அதில் பங்கில்லை. குடும்பங்கள் பெருகப் பெருக, முறை வரும் நாளும் தள்ளிப்போகின்றது. முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிட்டாலோ, கடலிலிருந்து வரும் இறால் குஞ்சுகளும் குறைந்துவிடுகின்றன.

"எங்கள் ஊரிலும் வாய்க்காலுக்கு முறை உண்டு" என்றேன்.

"முறை தவறினால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்.

நான் விடையளிக்கவில்லை. ஒரு குறுவைப் பருவத்தில் எங்கள் முறை முடிந்த பின்னும் மடையை அடைக்காமல் விடியும்வரை விட்டுவைத்தது நினைவுக்கு வந்தது. கடைமடைக்காரர் அன்று வறண்ட வயலின் வரப்பில் காத்திருந்தார். 'ஹக்குல் இபாத்' என்னும் அடியார் உரிமையை மாணவர்களுக்குப் போதிக்கும் நான், அவரிடம் ஒரு சொல்லும் கூறியதில்லை.

ஊர் திரும்பியதும் முதலில் அவர் இல்லத்திற்கே சென்றேன். அவர் சிரித்தவாறு தேநீர் தந்தார். அந்தச் சிரிப்பு என்னை மேலும் நாணச் செய்தது.