உலோகத்தை ஏற்கும் எலும்பு

1952ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனமார்க், முயலின் கால் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கூட்டைத் திரும்ப எடுக்க முயன்றார், அது வரவில்லை. எலும்பு அதனைத் தன்னோடு சேர்த்துக்கொண்டிருந்தது. 1965இல் மனிதத் தாடையிலும் டைட்டானியப் பல்வேரைப் பதித்தார். இம்பிளாண்ட் எனப்படும் அதனை நாம் இங்குப் பதியம் என்கிறோம். செடி வளர்ப்போருக்குப் பழகிய சொல்தான்.

பதியத்தைச் சுற்றிக் குருதி உறைகிறது. அவ்வுறைவினூடே எலும்பாக்கும் உயிரணுக்கள் வந்து, முதலில் ஒழுங்கற்ற இளவெலும்பையும் பின்னர் அடுக்கடுக்கான முதிர் எலும்பையும் உருவாக்குகின்றன. ஆனால், திருகிய அன்று பதியத்தை இறுகப் பற்றியிருப்பது பழைய எலும்பு. உடல் அதனைக் கரைக்கத் தொடங்க, புதிய எலும்போ இன்னும் உறுதி பெறாதிருக்க, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் பிடிப்பு சற்றே தளர்கிறது. வலி நீங்கிவிட்டதே என்று நாம் முறுக்கைக் கடிக்கத் துணிவதும் அந்நாள்களில்தான்! அசைவு மிகுந்தால் எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வளரும், பதியம் ஆடிப்போகும்.

இவ்விடைக்காலத்தைச் சுருக்கவே மேற்பூச்சு. எலும்பின் கனிமத்தை ஒத்த ஹைட்ராக்சிஅபடைட்டை உருக்கித் தெளித்தால், எலும்பு அதன்மீது விரைந்து படர்கிறது. ஆயினும் எலும்பு பற்றுவது பூச்சைத்தான். பூச்சு உலோகத்தினின்று உரிந்தால் பற்றும் போயிற்று. ஆகவே, மணல் வீசி, அமிலத்தால் அரித்துச் சொரசொரப்பாக்கிய டைட்டானியத்தையே இன்று மருத்துவர் பலர் நாடுகின்றனர்.