குச்சிக்கிழங்கும் சவலைப் பிள்ளையும்



கொல்லிமலை அடிவாரத்திலிருந்து சேந்தமங்கலம், நாமக்கல் வரைக்கும் போகிற வழியில் இரண்டு பக்கமும் குச்சிக்கிழங்குக் காடு. இந்தக் கிழங்கை நட்டவரும் நம்மில் உண்டு, பிடுங்கக் கூலிக்குப் போனவரும் உண்டு, சேகோ மில்லில் தோல் சீவியவரும் உண்டு. நட்டுப் பத்து மாதம் பொறுத்துப் பிடுங்குகிற பயிர் இது. பிள்ளைக்கும் கிழங்குக்கும் மாதக் கணக்கு ஒன்றுதான்! ஆனால் இத்தனை பழகிய கிழங்குக்குள்ளே என்ன இருக்கிறது என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. கர்ப்பிணித் தாயும் கைப்பிள்ளையும் இருக்கிற வீட்டில் அதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

இந்தக் கிழங்கு நம் நாட்டுப் பயிரல்ல. தென் அமெரிக்காவிலிருந்து கடல் தாண்டி வந்தது. திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, பஞ்சத்துக்கு உதவும் என்று இதைப் பரப்பினார். நம் சேலம் ஜில்லாவில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், மலேயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனது. அப்போது 1943 வாக்கில் இங்கேயே குடிசைத் தொழிலாக ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். பிறகு மில்கள் பெருகின. 1971-ல் திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிலையம் எச்-165, எச்-226 என்ற வீரிய ரகங்களை வெளியிட்டது. மாவு அதிகம் என்பதால் மில்லுக்கு ஏற்றவை என்று நம் விவசாயிகள் இவற்றை விரும்பி நட்டார்கள். மில்லுக்கு ஏற்ற கிழங்கெல்லாம் வாய்க்கும் ஏற்றதா என்பது வேறு கேள்வி. அதற்கு வருவோம்.

கிழங்குக்குள்ளே என்ன?

எந்தப் பொருளையும் பிட்டுக்கொண்டே போனால், கடைசியில் கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறு துணுக்கில் போய் நிற்கும். அதற்கு மூலக்கூறு என்று பெயர். சர்க்கரைச் சத்தான குளுக்கோஸ் ஒரு மூலக்கூறு. பூவைத் தொடுத்துச் சரம் ஆக்குவதுபோல, ஆயிரக்கணக்கான குளுக்கோஸைத் தொடுத்தால் அதுதான் மாவுச்சத்து. பச்சைக் கிழங்கில் நூற்றுக்கு 25 முதல் 30 பங்கு வரை மாவுச்சத்து; பெரும்பகுதி தண்ணீர். புரதமோ நூற்றுக்கு ஒரு பங்கு, அவ்வளவுதான்.

இவற்றோடு லினமாரின் என்ற வேறொரு மூலக்கூறும் உள்ளே ஒளிந்திருக்கிறது. இதிலும் ஒரு குளுக்கோஸ் உண்டு. ஆனால் அதன் முதுகில் சயனைடு என்கிற கொடிய விஷம் கட்டப்பட்டிருக்கிறது. கட்டு அவிழாத வரை ஆபத்து இல்லை. கட்டை அவிழ்க்கும் சாவி ஒரு நொதி. அந்த நொதியும் அதே செடியில்தான் இருக்கிறது! ஆனால் தனி இடத்தில். லினமாரின் உள் அறையில், நொதி வெளிச் சுவரில். எலியோ ஆடோ கடித்துச் சுவர் இடிந்தால்தான் இரண்டும் சந்திக்கும். உடனே சயனைடு வெளிப்படும். வாயில்லாத செடி தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் ஏற்பாடு இது.

பச்சை இலையை மேய்ந்த ஆடு, தோலைத் தின்ற மாடு, மில் தண்ணீரைக் குடித்த கன்று, கொஞ்ச நேரத்தில் வாயில் நுரை தள்ளி விழுவது இதனால்தான். கண்ணு பட்டதாலும் அல்ல, காத்து கருப்பாலும் அல்ல. சதையைவிடத் தோலிலும் இலையிலும் லினமாரின் பல மடங்கு அதிகம்.

சயனைடு உடம்பில் என்ன செய்கிறது தெரியுமா? நம் உடம்பின் ஒவ்வொரு அணுவறையிலும் மூச்சுக்காற்றை வைத்துச் சத்தை எரிக்கும் ஒரு சின்ன அடுப்பு உண்டு. அந்த அடுப்பில் இரும்புத் துணுக்கு ஒன்று இருக்கிறது. சயனைடு போய் அந்த இரும்பைப் பிடித்துக்கொள்ளும். இரத்தத்தில் காற்று நிறைய இருக்கும்; ஆனால் அடுப்பு எரியாது. தலைவலி, கிறுகிறுப்பு, வயிற்றுவலி, வாந்தி, வேக மூச்சு, பிறகு நினைவு தப்புதல், இப்படி வரிசையாக வரும்.

எவ்வளவு போனால் ஆபத்து? உடல் எடையில் ஒரு கிலோவுக்கு அரை மில்லிகிராம் முதல் மூன்றரை மில்லிகிராம் வரை சயனைடு உயிரைப் பறிக்கக்கூடும். 50 கிலோ எடையுள்ள அப்பாவுக்கு 25 மில்லிகிராமில் அந்த எல்லை தொடங்குகிறது. 10 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 5 மில்லிகிராமிலேயே தொடங்கிவிடுகிறது. இனிப்புக் கிழங்கில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்கும் குறைவு. கசப்புக் கிழங்கில் அது சில நூறுகூட இருக்கலாம். கிலோவுக்கு 200 உள்ள கிழங்கில் நூறு கிராம் துண்டை எடுத்தால் அதில் 20 மில்லிகிராம். ஆகவே, "நானும்தானே தின்னேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று பெரியவர் சொல்வதைப் பிள்ளைக்குக் கணக்காக எடுக்காதீர்கள்.

அடுப்பங்கரையில் செய்ய வேண்டியது

பயந்து கிழங்கையே ஒதுக்க வேண்டியதில்லை. விஷத்தின் குணம் தெரிந்தால் விரட்டுவது எளிது. சயனைடு சுமார் 26 டிகிரி சூட்டிலேயே ஆவியாகிப் பறந்துவிடும். லினமாரினோ சூட்டுக்கு அசையாது. தண்ணீரில் மட்டும் நன்றாகக் கரையும். நொதியோ கொதி வந்தால் செத்துப்போகும். இந்த மூன்றையும் நினைவில் வையுங்கள்.

கொதிக்கிற தண்ணீரில் பெரிய துண்டாகப் போட்டால் என்ன ஆகும்? சாவியான நொதி முதலில் சாகும். கட்டு அவிழாமல் லினமாரின் கிழங்குக்குள்ளேயே தங்கும். வயிற்றுக்குள் போனபின் குடலிலுள்ள கிருமிகள் அந்தக் கட்டை அவிழ்த்துவிடும். குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடி வைப்பதும், முழுக்கிழங்கை நெருப்பில் சுடுவதும் இதே கதைதான்.

ஆகையால் மேல்தோலோடு உள்தோலையும் சேர்த்து உரித்துவிடுங்கள். சின்னச் சின்னத் துண்டாக நறுக்கிப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். அந்த நேரத்தில் நொதி தன் வேலையைச் செய்யும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் தாராளமாக விட்டு, மூடாமல் வேகவையுங்கள். வெந்த தண்ணீரையும் வடித்துக் கொட்டுங்கள். அதைக் குழம்புக்கோ, மாட்டுத் தொட்டிக்கோ விடக் கூடாது. வெந்தபின் வாயில் வைத்துக் கசந்தால் துப்பிவிட்டு மொத்தத்தையும் எறிந்துவிடுங்கள். உப்பு உறைப்புப் போட்டு மறைக்காதீர்கள்.

தந்தைமார்களுக்கு ஒரு வார்த்தை. கிழங்கு வாங்கி வருகிறவர் நீங்கள். "இது திங்கிற கிழங்கா, மில்லுக் கிழங்கா?" என்று காட்டுக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். கிழங்கு பிடுங்குகிற காட்டில் பிள்ளைகள் பச்சையாகக் கடித்துத் தின்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

கிழங்கு தின்றபின் வாந்தியும் மயக்கமும் வந்தால் கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கழிக்க வேண்டாம். 108-க்குச் சொல்லுங்கள், அரசு மருத்துவமனைக்குப் போங்கள். என்ன தின்றார், எப்போது தின்றார் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். இந்த விஷத்துக்கு முறிவு மருந்து உண்டு. ஆடு மாடு விழுந்தால் கால்நடை மருத்துவரை உடனே கூப்பிடுங்கள்.

உடம்பு தானே முறிக்கும், ஆனால்...

கொஞ்சமாக உள்ளே போகும் சயனைடை நம் ஈரலே முறித்துவிடும். 1933-ல் லாங் என்ற ஜெர்மன் விஞ்ஞானி இந்த வேலையைச் செய்யும் நொதியைக் கண்டறிந்தார். அது சயனைடோடு கந்தகத்தைச் சேர்த்து, தயோசயனேட் என்ற சாதுவான பொருளாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடும். அந்தக் கந்தகம் எங்கிருந்து வரும்? நாம் சாப்பிடும் புரதத்திலிருந்துதான். புரதமும் ஒரு சரமே. ஆனால் இருபது வகைப் பூக்களால் தொடுத்த கதம்பச் சரம். அதில் மெதியோனின், சிஸ்டீன் என்ற இரண்டில் மட்டும் கந்தகம் இருக்கிறது. அழுகிய முட்டை நாறுகிறதே, அது இந்தக் கந்தகத்தின் நாற்றம்தான். முட்டையில் அது நிறைய.

முட்டைக்குப் பேர்போனது நாமக்கல். விஷமுள்ள கிழங்கு விளைகிற மண்ணிலேயே அதற்கு மாற்றும் கூடை கூடையாக லாரி ஏறுகிறது! மலையாளத்தில் கிழங்குக்கு மீன் குழம்பு வைத்துச் சாப்பிடுகிறார்களே, அதிலும் இந்த நியாயம் அடங்கியிருக்கிறது. முட்டை, மீன் சாப்பிடாதவர்கள் பருப்பும் கம்பும் கேழ்வரகும் கலந்து சாப்பிடலாம். பால், தயிர் சேர்க்கலாம். எள்ளில் மெதியோனின் அதிகம். எள்ளுருண்டை சும்மா தின்பண்டம் அல்ல.

புரதம் இல்லாமல் வெறும் கிழங்கையே தின்றால் என்ன ஆகும்? ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் நாட்டு நம்புலா மாகாணத்தில் 1981-ல் கடும் வறட்சி. மற்ற பயிரெல்லாம் கருகிப்போய், கசப்புக் கிழங்கு மட்டும் மிஞ்சியது. பசி பொறுக்காமல், சரியாக உலர்த்திப் பதப்படுத்தாமல் சாப்பிட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இரண்டு காலும் விறைத்துப் போயின. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கோன்சோ என்ற இந்த நோய் வந்த கால் பழையபடி திரும்புவதில்லை. நாம் அரிசி, கம்பு, பருப்பு என்று கலந்து சாப்பிடுகிறவர்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் இருக்கிற முட்டையும் பருப்பும் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். ஆண்களுக்கு முதலில், தாய்க்குக் கடைசியில் என்று இருந்தால், ஒரே வீட்டுக்குள்ளே அவளுக்கு மட்டும் பஞ்சம்தானே?

கர்ப்பிணிக்கு இன்னொரு காரியமும் உண்டு. சாதுவான தயோசயனேட் ஒரு குறும்பு செய்யும். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பிக்குள் அயோடின் போகிற வழியை அது அடைத்துக்கொள்ளும். அயோடின் குறைந்தால் முன்கழுத்துக் கழலை வரும். வயிற்றுப் பிள்ளைக்கோ மூளை வளர்ச்சியே குன்றும். காங்கோ நாட்டில் இட்ஜ்வி தீவில், கிழங்கையே பெரும்பாலும் உண்டு அயோடினும் குறைந்த ஊர்களில் இதை ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். ஆகவே அயோடின் உப்பே வாங்குங்கள். மூடியுள்ள ஜாடியில், அடுப்புச் சூடு படாத இடத்தில் வையுங்கள். குழம்பு இறக்குகிற நேரத்தில் போடுங்கள்.

ஜவ்வரிசிக் கஞ்சி

"கிழங்குதானே ஆபத்து, ஜவ்வரிசி நல்லதுதானே?" என்று கேட்பீர்கள். ஆம், ஜவ்வரிசியில் விஷம் அநேகமாக இல்லை. மில்லில் தோல் சீவி, அரைத்து, பால் பிழிந்து, தண்ணீர் விட்டு விட்டுத் தெளிய வைக்கிறார்கள். லினமாரின் அந்தத் தண்ணீரோடு போய்விடும். ஆனால் கொஞ்சநஞ்சம் இருந்த புரதமும் கூடவே போய்விடும். மிச்சம் வெறும் குளுக்கோஸ் சரம். விஷமும் போச்சு, சத்தும் போச்சு! ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைக்கு நாளுக்குச் சுமார் 12 கிராம் புரதம் வேண்டும். ஐம்பது கிராம் ஜவ்வரிசியைக் கஞ்சி காய்ச்சினால் அதில் கால் கிராம் தேறுவதே கடினம். ஒரு முட்டையில் 6 கிராம்.

வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வந்தபோது இரண்டு வேளை அந்தக் கஞ்சி கொடுப்பதில் தவறில்லை. அதையே மாதக்கணக்கில் கொடுப்பதுதான் கேடு. எப்போது அப்படிக் கொடுக்கிறோம்? கைப்பிள்ளைக்கு ஒரு வயது முடியுமுன் தாய் மறுபடி முழுகாமல் இருக்கிறாள். பாலை மறக்கடித்து, கஞ்சியை ஊற்றி, பெரிய பிள்ளையிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி விடுகிறோம். அந்தப் பிள்ளைக்கு நம் முன்னோர் வைத்த பேர் சவலை. இதே நோய்க்கு ஆப்பிரிக்காவின் பொன் கடற்கரை நாட்டு மக்கள் வைத்த பேர் குவாஷியோர்கர். அதற்கும் "அடுத்தது பிறந்ததும் மூத்ததற்கு வருகிற நோய்" என்றுதான் பொருள். 1930-களில் அங்கே வேலை பார்த்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் இதை உலகுக்கு எழுதினார். அங்கே மக்காச்சோளக் கஞ்சி, இங்கே ஜவ்வரிசிக் கஞ்சி. கடல் தாண்டிய இரண்டு பாஷைக்கும் ஒரே அனுபவம்.

எனவே ஒரு பிரசவத்துக்கும் அடுத்ததுக்கும் மூன்று வருட இடைவெளி விடுங்கள். காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, மாத்திரை, ஆண்களுக்கு நிரோத், எல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசம். கணவனும் மனைவியும் சேர்ந்தே வந்து கேளுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதன்பின் இரண்டு வயது வரை தாய்ப்பாலோடு குழைத்த பருப்புச் சோறு, கேழ்வரகுக் கூழ், மசித்த முட்டை கொடுங்கள். மறுபடி கர்ப்பமானாலும் உடனே பாலை நிறுத்த வேண்டும் என்பதில்லை; கிராம சுகாதாரச் செவிலியரைக் கேட்டுச் செய்யுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். சவலைப் பிள்ளை எப்போதும் மெலிந்து தெரியாது. முகமும் காலும் நீர் கோர்த்து உப்பி, "புள்ள நல்லா கொழுகொழுன்னு இருக்கான்" என்று பார்க்கிறவர் சொல்வார்கள். தலைமுடி செம்பட்டையாகும், விளையாட்டு குறையும், எதற்கெடுத்தாலும் அழும். சந்தேகம் வந்தால் பிள்ளையின் இரண்டு பாதத்தின் மேலும் கட்டைவிரலால் மெதுவாக அழுத்தி, மூன்று எண்ணி எடுங்கள். எடுத்த இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு வாருங்கள். அங்கன்வாடியில் அடுத்து எடை போடும் நாள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.