நடுக்கடலில் 21 நாள்: தண்ணீரைவிட அரிதானது தூக்கம்

நான் அட்லாண்டிக்கை ஒரு பாய்மரப் படகுல கடந்தேன்னு சொன்னா, எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "புயல் வந்துச்சா?" வரலை. அடுத்த கேள்வி, "அப்போ நாள் முழுக்க என்னதான் பண்ணுவீங்க?" இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

முதல்ல கணக்கு. கேனரி தீவுகள்ல இருக்கிற லாஸ் பால்மாஸ் துறைமுகத்துல கிளம்பி, கரீபியன் கடல்ல செயின்ட் லூசியா தீவுக்குப் போய்ச் சேரணும். சுமார் 2,700 கடல் மைல், அதாவது 5,000 கிலோமீட்டர். எங்க படகு 40 அடி நீளம். வேகம் மணிக்கு ஐந்தரை கடல் மைல். மெதுவா சைக்கிள் மிதிக்கிற வேகம்தான்! ஆனா இரவு பகலா ஓடிக்கிட்டே இருக்கும். அதனால 21 நாள்ல போய்ச் சேர்ந்தோம்.

"ராத்திரி நங்கூரம் போட்டுட்டுத் தூங்கக் கூடாதா?"ன்னு கேட்பாங்க. கீழே பல ஆயிரம் மீட்டர் ஆழம். எதுல போய் போடுறது? அதனால யாராவது ஒருத்தர் எப்பவும் முழிச்சிருக்கணும். நாங்க மூணு பேர். மூணு மணி நேரம் காவல், ஆறு மணி நேரம் ஓய்வு. அந்த ஓய்வுலதான் சமையல், பாய் தைக்கிறது, கயிறு உரசித் தேய்ஞ்சிருக்கான்னு பார்க்கிறது எல்லாமே. ஒரே மூச்சா நாலு மணி நேரம் தூங்கினா அது பண்டிகை.

தண்ணீரும் அளந்துதான். குடிக்க, சமைக்க எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். பாத்திரம் கழுவக் கடல் தண்ணி. சோறு வடிக்க மூணுல ஒரு பங்கு கடல் தண்ணி சேர்த்தா உப்பே வேண்டாம். நம்ம பிரஷர் குக்கர் அங்கே தெய்வம். மூடி பூட்டியிருக்கிறதால படகு எவ்வளவு ஆடினாலும் கொதிக்கிற சாம்பார் மேல கொட்டாது.

இப்போ நான் செஞ்ச தப்பைச் சொல்றேன்.

ராத்திரியில ஒரு பெரிய சரக்குக் கப்பலோட விளக்கு அடிவானத்துல தெரிஞ்சா, அது நம்மகிட்ட வர கால் மணி நேரம் போதும். அதனால காவல்ல இருக்கிறவர் 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து நாலு பக்கமும் பார்க்கணும். அதுக்கு டைமர் வெச்சிருப்போம். பதினோராவது ராத்திரி, 2 மணியிலிருந்து 5 மணி வரை என் காவல். டைமர் அடிச்சது. நிறுத்தினேன். எழுந்திருக்கலை.

கண்ணைத் திறந்தப்போ எதிர்ல சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் சேர்ந்தே தெரிஞ்சது. கப்பலுக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. ஒண்ணு மட்டும் தெரிஞ்சா அது பக்கவாட்டுல போகுது. ரெண்டும் தெரிஞ்சா நேரா நம்மளை நோக்கி வருதுன்னு அர்த்தம். கத்தினேன். கேப்டன் ஓடி வந்து ரேடியோவுல கூப்பிட்டார். நல்லவேளை, அவங்க பதில் சொன்னாங்க, திசை மாத்தினாங்க. அரை மைல் தள்ளிப் போச்சு. என் கை நடுக்கம் நிற்க ரொம்ப நேரமாச்சு.

கேப்டன் திட்டுவார்னு நினைச்சேன். அவர் கேட்டது ஒண்ணுதான்: "தூக்கம் வந்தப்போ என்னை ஏன் எழுப்பலை?" அவர் அன்னைக்குத்தான் கொஞ்சம் நல்லாத் தூங்கினார், கெடுக்க வேண்டாம்னு நினைச்சேன்னு சொன்னேன். "உன் நல்ல மனசால மூணு பேரும் போயிருப்போம்"னார்.

தண்ணி மாதிரிதான் தூக்கமும். அது படகுல இருக்கிற எல்லாருக்கும் பொதுவான கையிருப்பு. ஒருத்தருக்குத் தீர்ந்துபோச்சுன்னா வாயைத் திறந்து சொல்லணும். கூச்சப்பட்டு மறைக்கிறதுதான் ஆபத்து. மறுநாளிலிருந்து மீதி பத்து நாள்ல நான் அவரை மூணு தடவை எழுப்பினேன். ஒரு தடவைகூட அவர் முகம் சுளிக்கலை.

அடுத்த எபிசோடுல, கரை இறங்கின முதல் நாள் நிலம் ஏன் ஆடுற மாதிரி இருக்குன்னு பேசுவோம்.